டிஸ்லெக்சியா உள்ள கைவினைஞர் எழுதப் பழகுவது எப்படி: ஒரு தச்சரின் வழிகாட்டி

நான் மரவேலை செய்பவன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு அப்பாவின் பட்டறைக்கு வந்தேன். அதன் பிறகு முப்பது ஆண்டுகள், கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு எதற்கும் பேனாவைத் தொடாமல் இருப்பதற்கு எத்தனை வழிகள் உண்டோ அத்தனையும் கற்றுவைத்திருந்தேன். என் மகனுக்குப் பள்ளியில் டிஸ்லெக்சியா, அதாவது அறிவு குறையாமலேயே வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் தடுமாற்றம், இருக்கிறதா என்று பரிசோதனை செய்தபோது, "வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா?" என்று உளவியலாளர் கேட்டார். டிஸ்லெக்சியா குடும்ப வழியில் வருவது வழக்கம் என்று அவர் சொன்ன பிறகுதான், என் நாற்பத்து நான்காம் வயதில், நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இன்று காலையில் பட்டறையைத் திறப்பதற்கு முன் இருபது நிமிடம் எழுதாவிட்டால் எனக்கு ஏதோ குறைந்தாற்போல் இருக்கிறது. இந்த நிலைக்கு வருவதற்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அதில் பாதிக்காலம் தவறான வரிசையில் போனதால் வீணானது. தச்சர், கொல்லர், தையற்காரர், நெசவாளர், சிற்பி என்று கையால் பிழைக்கும் யாருக்கேனும் இதே சிக்கல் இருந்தால், அந்தப் பாதிக்காலத்தை அவர்கள் மிச்சப்படுத்த வேண்டும் என்பதற்காகவே வரிசைப்படி எழுதுகிறேன். நீங்களே படிக்கச் சிரமப்பட்டால் வீட்டில் ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அல்லது 5-ஆம் படியில் சொல்லியிருக்கும் முறையில் கைபேசியையே வாசிக்க வையுங்கள்.

1. முதலில் கண்ணையும் காதையும் பார்த்துவிடுங்கள்

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வருவது இயல்பு. அறுக்கும் இயந்திரத்தின் அருகே ஆண்டுக்கணக்கில் நின்றவர்களுக்குக் காதும் சற்று மந்தமாக வாய்ப்புண்டு. இவ்விரண்டையும் பார்க்காமல் உளவியலாளரிடம் போனால், முதல் நாளே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கு அப்படித்தான் ஒரு நாள் கூலி போயிற்று. அரசு மருத்துவமனையின் கண் பிரிவிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் காட்டி, இரண்டு சீட்டுகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கண்ணாடிக்கு மட்டும் 900 ரூபாய் ஆனது.

இங்கேயே ஒரு பொறி இருக்கிறது. வண்ணக் கண்ணாடி அணிந்தால் எழுத்துகள் அசையாமல் நிற்கும் என்று சொல்லி என்னிடம் ஒரு கடையில் 2,800 ரூபாய் வாங்கினார்கள். டிஸ்லெக்சியா கண்ணில் பிறக்கும் குறை அன்று; காதில் விழும் ஒலியை அதற்குரிய எழுத்தோடு மூளை இணைக்கும் இடத்தில் ஏற்படும் தடுமாற்றம். ஆகவே கண்ணாடியின் நிறம் அதைச் சரிசெய்யாது. அந்தக் கண்ணாடியை இப்போது வெயிலில் பலகை உலர்த்தும்போது போட்டுக்கொள்கிறேன்.

2. பெரியவர்களுக்கான மதிப்பீட்டைப் பெறுங்கள்

மதிப்பீடு இல்லாமலும் எழுதப் பழகலாம். சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் "நான் மக்கு" என்ற எண்ணத்தை முப்பது ஆண்டுகள் சுமந்தவருக்கு, தன் அறிவுத்திறன் இயல்பாகவே உள்ளது, சிக்கல் இன்ன இடத்தில்தான் என்று ஒரு தாளில் பார்ப்பது பெரிய காரியம். எந்த எழுத்தில், எந்த வகைச் சொல்லில் தடுமாறுகிறோம் என்பது தெரிந்தால் பயிற்சியும் குறுகும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. அங்கே மருத்துவ உளவியலாளர் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். தனியாரிடம் போவதென்றால், அவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்டுப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்பதில் தவறில்லை, மரம் வாங்கும்போது தட்டிப் பார்க்காமலா வாங்குகிறோம்?

எடுத்துச் செல்ல வேண்டியவை: ஆதார் அட்டை, கண், காது பரிசோதனைச் சீட்டுகள், பள்ளி மாற்றுச் சான்றிதழ், கிடைத்தால் பழைய மதிப்பெண் பட்டியல், உங்கள் கையெழுத்தில் இருக்கும் ஏதேனும் இரண்டு தாள்கள். கடைசியில் சொன்னவை பிழைகளோடு இருப்பதே நல்லது; அவமானமாக நினைத்து நல்ல தாளாகத் தேடி எடுக்காதீர்கள். சிறு வயதில் நீங்கள் எப்போது பேசத் தொடங்கினீர்கள், எழுத எப்போது பழகினீர்கள் என்று அம்மாவிடமோ அக்காவிடமோ முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விகள் கட்டாயம் வரும்.

இரண்டு இடங்களில் எச்சரிக்கை வேண்டும். முதலாவது, பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல நிறுவனம் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பு நம் நாட்டில் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் அது 5 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக அமைக்கப்பட்டது. அதை மட்டும் வைத்து நாற்பது வயதுக்காரரை அளந்தால், ஆண்டுக்கணக்கில் சமாளித்துப் பழகியவர் தேறிவிடுவார், அறிக்கையில் குறை எதுவும் இல்லை என்று வந்துவிடும். "பெரியவர்களை எப்படிச் சோதிப்பீர்கள்?" என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். இரண்டாவது, எந்த மொழியில் சோதிக்கிறார்கள் என்பது. நான் முதலில் போன இடத்தில் ஆங்கிலப் பத்தி ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். தமிழ்வழியில் எட்டாம் வகுப்புப் படித்தவன் ஆங்கிலத்தில் தடுமாறுவதற்கு டிஸ்லெக்சியா தேவையில்லை. அந்த அறிக்கையால் எனக்கு எந்தப் பயனும் இல்லை. இன்னோர் இடத்தில் தமிழில் மறுபடி செய்துகொண்டேன்.

பயன்பட்ட மதிப்பீட்டுக்கு இரண்டு அமர்வுகளுக்குச் சேர்த்து 4,500 ரூபாய் கொடுத்தேன். ஊருக்கும் ஆளுக்கும் ஏற்ப இது மாறும். முன்பதிவுக்கு மூன்று வாரம், அறிக்கைக்குப் பத்து நாள் காத்திருந்தேன். அறிக்கை ஆங்கிலத்தில்தான் வந்தது. அதைத் தமிழில் விளக்கும்படி உளவியலாளரிடம் சொல்லி, அவருடைய அனுமதியோடு கைபேசியில் பதிவுசெய்துகொண்டேன். அறிக்கையை விட அந்தப் பன்னிரண்டு நிமிடப் பதிவைத்தான் அதிகம் பயன்படுத்தியிருக்கிறேன்.

3. சான்றிதழும் அட்டையும் வேண்டுமா என்று முடிவுசெய்யுங்கள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று; டிஸ்லெக்சியா அதில் அடங்கும். ஆகவே மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு நீங்கள் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் இணையவழியில் இலவசம். ஆதார், முகவரிச் சான்று, புகைப்படம், கையொப்பம் அல்லது கைரேகை போதும். அதன் பிறகு அரசு மருத்துவக் குழுவின் முன் நேரில் போக வேண்டும். தனியார் அறிக்கை அங்கே துணையாகுமே தவிர, சான்றிதழுக்கு ஈடாகாது. பணம் கேட்கும் இடைத்தரகரை நம்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நேரே கேளுங்கள்.

பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதும் எண்ணமுள்ளவர்களுக்கு, கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கேட்க இந்தச் சான்று உதவும். எழுதி மகிழ்வது மட்டும்தான் நோக்கம் என்றால், இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். நான் தாண்டிவிட்டேன்.

4. எழுத்துகளைக் கையால் மறுபடி பழகுங்கள்

தமிழில் 247 எழுத்துகள் என்றதும் பயந்துவிடுவோம். உண்மையில் தடுமாற்றம் எல்லாவற்றிலும் இல்லை. ஒரு சில இடங்களில்தான் குவிந்திருக்கிறது. என் பிழைகளை, எனக்குச் சொல்லித்தந்த சிறப்புப் பயிற்சி ஆசிரியை எண்ணிப் பார்த்தபோது பெரும்பாலானவை மூன்று கூட்டங்களுக்குள் அடங்கிவிட்டன. உங்கள் பட்டியல் சற்று மாறலாம். எண்ணும் முறை இதுவே.

முதற்கூட்டம், ஒலிக்கும் வரிசையும் எழுதும் வரிசையும் மாறும் எழுத்துகள். "கொ" என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது க். தாளில் முதலில் வருவது ஒற்றைக்கொம்பு, பிறகு க, அதன் பிறகு துணைக்கால். நான் கொம்பைப் போட்டுவிட்டுக் க எழுதும்போதே அடுத்த எழுத்துக்கு மனம் தாவிவிடும், துணைக்கால் விழாது. ஒருமுறை கதவுச் சாமான் பட்டியலில் "கொண்டி 4" என்று எழுதுவதற்குப் பதில் "கெண்டி 4" என்று எழுதி அனுப்பிவிட்டேன். கடைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணே, கெண்டி பாத்திரக் கடையிலதான் கெடைக்கும்" என்றார். இதற்கு மருந்து, கொ, கோ, கௌ வரிசையை ஒரே எழுத்தாக நினைக்காமல் மூன்று உறுப்புகள் சேர்ந்த பொருளாகப் பார்ப்பது. கதவு நிலைக்கு இரண்டு கால் இருப்பதைப் போல இந்த எழுத்துக்கும் இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று; இரண்டும் நின்ற பிறகே அடுத்த எழுத்து.

இரண்டாம் கூட்டம், உகரம் ஏறிய எழுத்துகள். இவற்றின் உருவம் எழுத்துக்கு எழுத்து மாறுவதால் மனத்தில் நிற்பதில்லை. ஆனால் உற்றுப் பார்த்தால் மூன்றே குடும்பங்கள்: சு, பு, யு, வு ஆகியவற்றில் கோடு கீழே இறங்கும், கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவற்றில் கோடு வளைந்து மடங்கும், து, நு, ணு, லு, று, னு ஆகியவற்றில் கீழிருந்து வால் மேலேறும். அரிதாக வரும் ஙு முதற்குடும்பத்திலும் ஞு மூன்றாம் குடும்பத்திலும் சேரும். பள்ளியில் யாரும் எனக்கு இப்படிப் பிரித்துக் காட்டவில்லை. உளிகளை அகலப்படி மாட்டிவைப்பதுபோல் இவற்றைக் குடும்பப்படி ஒரு பலகையில் எழுதிக் கண்முன் மாட்டினேன். இரண்டு வாரத்தில் இந்தக் கூட்டம் தெளிந்துவிட்டது.

மூன்றாம் கூட்டம் ல, ள, ழ, ர, ற, ன, ண, ந. எங்கள் பக்கத்துப் பேச்சில் இவற்றில் பல ஒன்றாகவே ஒலிப்பதால், காதை நம்பி எழுத முடியாது. கதவுக்குரிய "கீல்" எனக்கு முப்பது ஆண்டுகளாகக் "கீழ்"தான். இதற்குக் குறுக்குவழி ஒன்றும் இல்லை. நீங்கள் தொழிலில் அன்றாடம் புழங்கும் ஐம்பது சொற்களை மட்டும் சரியான எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: உளி, அளவு, பலகை, இழைப்புளி, தாழ்ப்பாள், வார்னிஷ், விளிம்பு. ஐம்பது போதும்; ஐந்நூறு என்று தொடங்கினால் மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள்.

பயிற்சியை நோட்டில் தொடங்காதீர்கள் என்பது என் அனுபவம். கழிவுப் பலகையில் உள்ளங்கை அளவுக்கு எழுத்தைச் சுண்ணக்கட்டியால் வரைந்து, அதன்மேல் விரலை ஓட்டி, வாய்விட்டு ஒலியைச் சொல்லி, பிறகு மெல்லிய உளியால் அந்தக் கோட்டைச் செதுக்குங்கள். கண், காது, வாய், கை ஆகிய நான்கும் ஒரே எழுத்தில் சேர்வதுதான் இதன் பயன். டிஸ்லெக்சியா பயிற்சியாளர்கள் மணலிலும் உப்புத்தாளிலும் விரலால் எழுத வைப்பதும் இதற்காகவே. மற்றவருக்கு மணல், நமக்கு நம் மரம். தையற்காரர் துணியில் சங்கிலித் தையலால் எழுதலாம்.

கையெழுத்தை அழகாக்கும் வகுப்புகளில் மட்டும் சேராதீர்கள். 3,500 ரூபாய் கட்டி ஒரு மாதம் போனேன். பிழைகள் அப்படியே இருந்தன. அழகாக இருந்தன, அவ்வளவுதான்.

5. பேச்சில் தொடங்கி, எழுத்தில் முடியுங்கள்

நான் செய்த பெரிய தவறு, இந்தப் படியைக் கடைசியில் செய்தது. 4-ஆம் படியும் இதுவும் ஒரே நாளில் தொடங்க வேண்டியவை. எழுத்து பழகி முடித்த பிறகுதான் எழுதுவேன் என்று காத்திருந்தால் ஆசை காய்ந்துவிடும்.

கைபேசியின் கூகுள் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுப் பேசினால் சொற்கள் எழுத்தாக விழும். கட்டணம் இல்லை. பட்டறைச் சத்தத்தில் இது உளறும். விடியற்காலையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு மூச்சுக்கு ஒரு வாக்கியம் என்று பேசுங்கள். முற்றுப்புள்ளியை நாமே வைக்க வேண்டும். பேசி முடித்ததும் அமைப்புகளில் அணுகல்தன்மைப் பிரிவில் உள்ள வாசித்துக்காட்டும் வசதியை இயக்கி, எழுதியதைக் காதால் கேளுங்கள். கண்ணுக்குத் தப்பிய பல பிழைகள் காதில் சிக்கும். விட்டுப்போன சொல் உடனே உறுத்தும்.

நாம் "போட்டாங்க, வந்துச்சு" என்று பேசுவோம், அது அப்படியே விழும். முதல் ஆறு மாதம் நான் அதை மாற்றவேயில்லை. பேச்சைப் பேச்சாகவே பிடித்துவைப்பது ஒரு வேலை. அதை எழுத்துத் தமிழாக்குவது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே உட்காரலில் செய்தால் இரண்டும் கெடும். முதல் இழைப்பில் மேடு பள்ளத்தை எடுக்கிறோம், மெருகு அப்புறம்தான் வருகிறது, அதே கணக்கு. இந்தக் கட்டுரையும் முதலில் பேசப்பட்டது, பிறகு எழுதப்பட்டது, மூன்றாவதாக "போட்டாங்க" எல்லாம் "போட்டார்கள்" ஆயின.

நீண்ட சொற்களில் தடுமாறினால் முதல் எழுத்துப்படியில் பிரித்தே எழுதுங்கள். "செய்துகொண்டிருந்தபோது" என்பது எனக்கு இன்றும் மலை. "செய்து கொண்டு இருந்த போது" என்று நான்கு படியாக ஏறுகிறேன். சேர்த்து எழுதுவதை மூன்றாம் சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்.

6. தொழிலுக்கான தாள்களுக்கு அச்சு ஒன்று செய்யுங்கள்

விலைப்புள்ளி, சாமான் பட்டியல், ரசீது ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதாதீர்கள். சரியாக எழுதப்பட்ட ஒரு மாதிரியை நகல் எடுத்து, எண்களை மட்டும் நிரப்புங்கள். நகலுக்கு ஒரு தாளுக்கு இரண்டு ரூபாய்தான்.

எண்களில்தான் பண இழப்பு ஒளிந்திருக்கிறது. 32 அங்குலத்தை 23 என்று குறித்துக்கொண்டு ஒரு தேக்குப் பலகையை அறுத்த நாளிலிருந்து, எந்த அளவையும் எண்ணாலும் சொல்லாலும் இருமுறை எழுதுகிறேன்: "32, முப்பத்திரண்டு". அடியும் அங்குலமும் நூலும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கட்டும். எட்டு நூல் ஓர் அங்குலம் என்பதால், நூல் கட்டத்தில் எட்டோ அதற்கு மேலோ வந்தால் கட்டம் மாறிவிட்டது என்று உடனே தெரிந்துவிடும்.

7. யாரும் கேட்காத ஒரு பக்கம் எழுதுங்கள்

மேலே சொன்னவை எல்லாம் தேவைக்கு எழுதுவது. பிடித்து எழுதுவது இங்கேதான் தொடங்கும். ஆகவே எதைப் பற்றி எழுதுவது என்பதில் கவனம் வேண்டும். "என் வாழ்க்கை" என்று தொடங்கி நான்கு முறை இரண்டாம் வரியில் நின்றுவிட்டேன். ஐந்தாம் முறை, ஐப்பசி மழையில் ஒரு வீட்டுக் கதவு ஏன் பிடிக்கிறது என்று எழுதினேன். பலகை ஈரத்தைக் குடித்தால் அகலத்தில்தான் உப்பும், நீளத்தில் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆகையால் மேல்விளிம்பை இழைக்காமல் தாழ்ப்பாள் பக்கத்து விளிம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பளபளவென்று தேய்ந்த இடம்தான் உரசும் இடம். மழையிலேயே நிறைய இழைத்துவிட்டால் பங்குனியில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். எழுதும்போது எழுத்தைப் பற்றிய நினைப்பே இல்லை, கதவு மட்டுமே கண்முன் இருந்தது. முடித்துப் பார்த்தால் முழுப் பக்கம். எத்தனை பிழை என்று எண்ணவில்லை.

ஆகவே உங்கள் கைக்குத் தெரிந்த, வாடிக்கையாளருக்குத் தெரியாத ஒரு சிறு விஷயத்தை எடுங்கள். பாவு நூல் அறுந்தால் முடிச்சுப் போடுவது, பித்தளை எந்த நிறத்தில் உருகும் நிலைக்கு வந்தது என்று அறிவது, ரவிக்கைக் கைக்குழி பிடிக்காமல் வெட்டுவது. அரைப் பக்கம் போதும். இந்த நோட்டில் யாரும் சிவப்பு மையைத் தொடக்கூடாது என்பதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கோடு போட்ட பெரிய நோட்டு, ஒரு வரி விட்டு ஒரு வரி, பென்சில். வெள்ளைத்தாள் கண்ணைக் கூசினால் பழுப்புத்தாள். நேரம் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வேலை முடிந்த இரவில் எழுத உட்காராதீர்கள், களைப்பில் பிழைகள் பெருகும்.

8. திருத்துபவரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

வெளியே போகும் எழுத்துக்கு மட்டும் ஒருவர் வேண்டும். அவர் நிறையப் படித்தவராக இருப்பதை விட, சிரிக்காதவராக இருப்பது முக்கியம். எனக்கு மகள் பார்க்கிறாள். முதலில் அவள் முழுவதையும் அவளுடைய நடையிலேயே மாற்றி எழுதிவிட்டாள். வாசித்துப் பார்த்தால் யாரோ ஒரு ஆசிரியர் மரவேலை செய்வதுபோல் இருந்தது. அதன் பிறகு ஏற்பாட்டை மாற்றினோம்: ஒரு முறைக்கு ஒரே வகைப் பிழை. இந்த வாரம் ற, ர மட்டும். அடுத்த வாரம் ஒற்று மட்டும். சொல்லை மாற்றக்கூடாது, பிழையின்கீழ் புள்ளி மட்டும் வைக்க வேண்டும், சரியான எழுத்தை நான் தேடிப் போடுவேன்.

9. செலவும் காலமும்

கண்ணாடி 900, மதிப்பீடு 4,500, சிறப்புப் பயிற்சி ஆசிரியையிடம் வாரம் இரண்டு வகுப்பாக 24 வகுப்புகளுக்கு, வகுப்புக்கு 400 வீதம் 9,600, நோட்டும் நகலும் 300. ஆக 15,300 ரூபாய். வண்ணக் கண்ணாடியிலும் கையெழுத்து வகுப்பிலும் தொலைத்த 6,300 இதில் சேரவில்லை, தமிழில் சோதிக்காத முதல் மதிப்பீட்டுக்குக் கொடுத்ததும் சேரவில்லை. மதிப்பீட்டையும் வகுப்பையும் விட்டுவிட்டு 4 முதல் 8 வரையுள்ள படிகளை மட்டும் செய்தால் சில நூறு ரூபாயில் முடியும். காலம் மட்டும் சற்றுக் கூடும். பெரியவர்களுக்குச் சொல்லித்தர ஒப்புக்கொள்ளும் சிறப்பு ஆசிரியர் எளிதில் கிடைக்கமாட்டார். பிள்ளைகளின் பள்ளியில் விசாரித்து, மாலை நேரத்தில் தனியாக வருவாரா என்று கேளுங்கள்.

எழுத்துக் கூட்டங்கள் தெளிய மூன்று மாதம், முதல் முழுப் பக்கத்துக்கு நான்கு மாதம், பட்டியலை யாரிடமும் காட்டாமல் கடைக்கு அனுப்பும் துணிவுக்கு எட்டு மாதம் எனக்குப் பிடித்தன. இடையில் ஐந்தாம் மாதம், தெரிந்த எழுத்துகளே மறந்துபோனதுபோல் இரண்டு வாரம் இருந்தது. அந்த நாள்களில் பேனாவை வைத்துவிட்டுப் பேசி மட்டும் பதிவுசெய்யுங்கள். பதிவுகளுக்குத் தேதியிட்டு வையுங்கள், எழுதக் கை வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.